பத்துக்கு ரெண்டரை

என் தம்பிக்கு ராப் பாட்டுன்னாலே ஆகாது. எண்ணெய் ஆட்டுற செம்பனைக் குலை ஏத்துற லோரி ஓட்டுறான் அவன். மலாக்காவுல, நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்கள்ல காலையில குலை ஏத்துனா, மில்லு வாசல்ல வரிசையில நிக்கிற வரைக்கும் அவனுக்குத் துணை முருகன் பாட்டும் பழைய சினிமாப் பாட்டும்தான். நான் கேக்குறதைக் கேட்டா, "என்னக்கா இது, தகரத்துல கல்லைக் கொட்டுற மாதிரி"ன்னு மூஞ்சியைச் சுளிப்பான். அப்படிப்பட்டவனை ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மில்லு வாசல்ல வச்சு, மோட்டர் சைக்கிள்ல வந்த ரெண்டு பேரு கேட்டிருக்காங்க, அந்த ராப் பேஜை நடத்துறது நீங்கதானான்னு.

அவன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னப்ப நான் கிச்சன்ல நெத்திலி கிள்ளிக்கிட்டு இருந்தேன். வந்தவங்க திட்டலையாம், கையை ஓங்கலையாம். அண்ணே சாப்டீங்களான்னு கேட்டுட்டுத்தான் பேச்சையே ஆரம்பிச்சாங்களாம். அதைக் கேட்டதும்தான் நான் கிள்ளுறதை நிறுத்துனேன். எங்க பக்கத்துல கத்துறவன் கத்திட்டுப் போயிடுவான். சாப்டீங்களான்னு கேட்டுட்டு வர்றவனுக்குத்தான் பயப்படணும்.

ஏன்னா அந்தப் பேஜ் என்னோடது.

இதுல நான் யாரு பேரையும் போடப் போறதில்ல, என் பேரையும் சேர்த்துத்தான். படிச்சு முடிச்சா ஏன்னு தெரியும். எனக்கு வயசு முப்பத்தாறு. ஆயர் குரோவுல ஒரு பேக்டரியில பதினாலு வருஷமா கியூ.சி. வேலை. பூதக்கண்ணாடிக்கு அடியில சின்னச் சின்ன பிளாஸ்டிக் சாமானை வச்சுப் பாத்து, எங்கயாச்சும் ஒரு கீறல் இருந்தா சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தூக்கிப் போடணும். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே. வீட்டுலயும் அதே வேலைதான் பாக்குறேன்னு தம்பி பொண்டாட்டி சொல்லும். கல்யாணம் ஏன் ஆகலன்னு கேக்குறவங்களுக்கும் அதையே பதிலா வச்சுக்கலாம்.

அண்டர்கிரவுண்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். கோலாலம்பூர்ல மேடை போட்டு, புகை விட்டு, ரேடியோவுல பேட்டி குடுக்குற ஆளுங்க வேற. இது நம்ம மலாக்கா பசங்க பாட்டு. பகல்ல டயர் கடை, போர்க்லிப்ட், செக்யூரிட்டி வேலை. வேலை முடிஞ்சா எவனோ ஒருத்தன் வீட்டு ரூம்ல, சத்தம் வெளிய போகாம மெத்தையைச் செவுத்துல சாத்தி வச்சுக்கிட்டு, இன்டர்நெட்டுல எடுத்த பீட்டுக்கு மேல பாடிப் பதிவு பண்ணுவாங்க. ரேடியோ போடாது, கம்பெனி வாங்காது. போன்ல இருந்து போனுக்கும் காடியில இருந்து காடிக்கும் போகும், அவ்வளவுதான். அதுல பாதி குப்பை. மீதிப் பாதியில ஒரு வரி, ஒரே ஒரு வரி, நம்ம வாழ்க்கையை அப்படியே கையில எடுத்துக் குடுத்துடும். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் மத்த குப்பையெல்லாம் கேட்டேன்.

ரசிகனுங்கள்ல மூணு கட்சி. ஒரு கட்சிக்கு அடிதடி வேணும். பாட்டுல பாராங் கத்தி இருக்கணும், கூட்டத்துக்குத் தலைவனா ஒரு அண்ணன் இருக்கணும், காடி நம்பர் பிளேட்டு கழண்டு விழுற மாதிரி பேஸ் அதிரணும். அர்த்தம் கிடக்கட்டும் லா, வெறி இருக்கான்னு கேப்பானுங்க. ரெண்டாவது வார்த்தைக் கட்சி. எதுகை மோனையை எண்ணிப் பாப்பானுங்க, ஒரு வரியை நிறுத்தி நிறுத்தி நாலு வாட்டி கேப்பானுங்க, மத்தவனெல்லாம் முட்டாள்னு நெனைப்பானுங்க. மூணாவது, காதல்ல அடிபட்ட கட்சி. குரலை மெஷின்ல போட்டு இழுத்துப் பாடணும், கடைசியில அவ போயிட்டாள்னு முடியணும். முதல் கட்சி இவங்களை அண்டர்கிரவுண்டுன்னே ஒத்துக்காது. ஆனா மூணு கட்சியும் ஒண்ணு சேர்ற இடம் ஒண்ணு இருக்கு. எவன் பாட்டாச்சும் தப்பித்தவறி ரேடியோவுல வந்துட்டா போதும், மறுநாளே மூணு பேரும் சேர்ந்து அவனைத் துரோகின்னு சொல்லிடுவானுங்க.

நான் ரெண்டாவது கட்சி. குளிக்கிறப்ப மட்டும் மூணாவது.

நாலு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பேஜைத் தொறந்தேன். ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பாட்டு. நல்லா இருந்தா ஏன் நல்லா இருக்குன்னு எழுதுவேன், இல்லேன்னா ஏன் இல்லன்னு எழுதுவேன், கடைசியில பத்துக்கு ஒரு மார்க். ஏழுக்கு மேல போட்டது விரல் விட்டு எண்ணிடலாம். படிக்கிறவனுங்க எல்லாம் என்னை அண்ணன்னுதான் கூப்பிட்டானுங்க. அண்ணே இந்தப் பாட்டைக் கேளுங்க, அண்ணே நீங்க சொன்னது தப்பு, இப்படி. நானும் திருத்தல. பொம்பளைன்னு தெரிஞ்சா பாட்டைப் பத்திப் பேச மாட்டானுங்க, என்னைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவானுங்க. அண்ணனா இருந்தா சண்டைன்னாலும் பாட்டைப் பத்தின சண்டையா இருக்கும்னு நெனச்சேன். எனக்கு அதுல ஒரு திமிரும் இருந்துச்சு, அதையும் சொல்லிடுறேன்.

எங்க ஊர்ப் பாட்டுல ஒரு பழக்கம் இருக்கு. செத்துப் போன அண்ணனுக்கு ஒரு பாட்டு போடணும். பாட்டோட அட்டையில அவர் படம், ரெண்டு பக்கமும் ரெக்கை, கடைசியில ஜாசின், நியாலாஸ், செர்காம்னு ஒவ்வொரு ஊரா சொல்லி அந்த ஊர்ப் பசங்களுக்கெல்லாம் சலாம். நெசமாவே பறிகொடுத்தவன் பாடுனா கேக்குறவன் நெஞ்சு அடைச்சுக்கும். ஆனா அடிதடிக் கட்சிக்கு இந்தப் பாட்டு ரொம்பப் பிடிக்கும்னு தெரிஞ்சதும், அண்ணன் சாகாதவனும் போட ஆரம்பிச்சுட்டான். ஒருத்தன் போட்ட பாட்டுல செத்ததா சொன்ன அண்ணனை அடுத்த வாரம் நானே பாசார்ல மீன் வாங்கிக்கிட்டு நிக்கிறதைப் பாத்தேன். அதுல இருந்து செத்த அண்ணன் பாட்டு வந்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அப்படித்தான் அந்தப் பாட்டும் வந்துச்சு. பாடுனவன் புதுப் பையன், டயர் கடையில வேலை செய்றவன்னு அவன் பேஜ்ல போட்டிருந்துச்சு. குரல் நல்லா இருந்துச்சு, மூச்சுப் பிடிச்சுப் பாடத் தெரிஞ்சுது. ஆனா வரியெல்லாம் இரவல். சிங்கம், சாம்ராஜ்யம், நீ போன அன்னிக்கு வானம் அழுதுச்சு. அன்னிக்குன்னு பாத்து ஞாயித்துக்கிழமை ஓவர்டைமுக்குப் போய், பேக்டரியில சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருந்தேன். எழுதுனேன் பாருங்க. இந்தப் பேஜ்ல இதுவரைக்கும் நாற்பது அண்ணனைப் புதைச்சாச்சு, இந்த அண்ணன் எந்த மாசம் செத்தாரு, பாட்டுக்குத் தேவைப்பட்ட மாசத்துலயான்னு ஆரம்பிச்சேன். கீழ கொஞ்சம் நெதானமாத்தான் எழுதியிருந்தேன். வானம் அழுதா அழட்டும், அந்த நேரத்துல நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே, அதைச் சொல்லு, அதுதான் பாட்டு, வானம் எல்லார் பாட்டுலயும் அழுவுதுன்னு எழுதி, பத்துக்கு ரெண்டரை போட்டு முடிச்சேன்.

மறுநாள் பேக்டரி கேன்டீன்ல, எங்க லைன்ல வேலை செய்ற ஒரு புள்ள பக்கத்துல இருந்தவகிட்ட போன்ல படம் காட்டிக்கிட்டு இருந்துச்சு. அவங்க குடியிருக்குற தாமான்ல பதினாறாம் நாள் காரியமாம். பத்து இருபது பசங்க, எல்லாரும் கறுப்பு டீசட்டை, நெஞ்சுல ஒரு முகம், அதுக்குக் கீழ பொறந்த தேதியும் செத்த தேதியும். அந்த முகத்தை எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் அந்த முகத்துக்கு அடியில ரெண்டரை மார்க் போட்டிருந்தேன். பாடுனவனோட கூடப் பொறந்த அண்ணன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி டிரங்க் ரோட்டுல மோட்டர் சறுக்கிச் செத்துப் போயிருக்கான். எந்த மாசம் செத்தாருன்னு நான் கேட்டப்ப அந்த வீட்டுல தீட்டு கூடக் கழியல.

டாய்லெட்டுக்குள்ள போய் உக்காந்து அந்த ரிவியூவை அழிச்சேன். அவசரத்துல ரெண்டு வாட்டி தப்பா அமுக்குனேன். ஆனா அதுக்குள்ள முதல் நாலு வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஊரெல்லாம் அனுப்பிட்டானுங்க. அடிதடிக் கட்சி கொதிச்சுக் கிடந்துச்சு. அதை விடக் கொடுமை என் கட்சி. அண்ணன் சொன்னதுல என்ன தப்பு, செத்தா பாட்டு நல்ல பாட்டு ஆயிடுமான்னு எனக்காக வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தானுங்க. அவனுங்க ஒவ்வொருத்தனும் எனக்கு ஆதரவா எழுத எழுத, எனக்குக் குழியை இன்னும் ஒரு அடி ஆழமா வெட்டுன மாதிரி இருந்துச்சு.

தம்பி எப்படி மாட்டுனான்னா, அதுவும் என்னாலதான். பேஜைத் தொறந்தப்ப ஒரு போன் நம்பர் தேவைப்பட்டுச்சு. என் நம்பரைக் குடுக்கப் பயம். டிராயர்ல தம்பியோட பழைய சிம் கார்டு கிடந்துச்சு, அவன் ஐ.சி.யில, அதான் அடையாள அட்டையில, எடுத்தது. எங்க வீட்டுல யாரு சிம்மை யாரு போட்டுக்குறாங்கன்னு கணக்கே இல்ல, அதை எடுத்துப் போட்டேன். பாட்டு அனுப்புறவங்க இந்த நம்பருக்கு அனுப்பலாம்னு பேஜ்ல கொஞ்ச நாள் போட்டும் வச்சிருந்தேன். அப்புறம் எடுத்துட்டேன். ஆனா அந்த நம்பரு அதுக்கு முன்னாடி பாதி தோட்டத்துக்காரங்க போன்ல லோரி அண்ணன்னு இருந்த நம்பரு. யாரோ ஒருத்தன் ரெண்டையும் சேர்த்து வச்சுப் பாத்துட்டான். வேலியில போன ஓணானைப் பிடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டானாம் ஒருத்தன். எனக்கு வேட்டி இல்ல, அதனால தம்பி வேட்டிக்குள்ள விட்டிருக்கேன்.

அன்னிக்குக் கிச்சன்ல தம்பிகிட்ட, சரி, நீ என்ன சொன்னேன்னு கேட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லியிருப்பான்னுதான் நெனச்சேன்.

"ஆமா, நான்தான்னு சொன்னேன்"னான்.

எனக்குக் கையில இருந்த நெத்திலித் தட்டோட அவன் மண்டையில ஒண்ணு போடலாம் போல வந்துச்சு. நான் ராவுல போனை வச்சுக்கிட்டு என்னமோ எழுதுவேன்னு அவனுக்கு எப்பவோ தெரியுமாம். மோட்டர்ல வந்தவன் போனைக் காட்டுனதும் அக்கா மாட்டிக்கிச்சுன்னு புரிஞ்சிருக்கு. இல்லன்னு சொல்லியிருந்தா, அப்ப வீட்டுல வேற யாருன்னு தேடிக்கிட்டு வீட்டுக்கு வருவாங்கன்னு பயந்திருக்கான். அவன் பொண்டாட்டிக்கு ஏழு மாசம். அது அப்ப ஹால்ல காலை நீட்டி உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதுக்குக் கேக்கக் கூடாதுன்னு நாங்க ரெண்டு பேரும் அடுப்புப் பக்கம் நின்னு கிசுகிசுன்னு சண்டை போட்டோம்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஜாசின் டவுன்ல ஒரு மாமாக் கடையில, நம்ம முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில, டேபிளுக்கு வரச் சொல்லியிருக்காங்க. டேபிள்னா எங்க பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். தகராறுன்னா ரெண்டு பக்கத்துப் பெரிய ஆளுங்களும் ஒரு கடையில உக்காந்து, டீத்தண்ணி ஆர்டர் பண்ணி, பேசி முடிப்பாங்க. வரலேன்னா பேச்சு கிடையாது. அப்புறம் ரோட்டுல எங்க வேணும்னாலும் முடிப்பாங்க. நம்ம பக்கத்துக்கு ஒரு பெரிய ஆளைக் கூட்டிட்டுப் போகணும். எங்களுக்கு யாரு இருக்கா. அப்பா இல்ல, தாய்மாமன் கிடையாது. தம்பிக்குத் தெரிஞ்ச பெரிய ஆளு மில்லுல எடை போட்டுக் கணக்கெழுதுற கிராணி ஒருத்தர்தான்.

அந்த மூணு நாளை எப்படிச் சொல்றது. போலிஸ் ரிப்போர்ட் பண்ணலாம்னு நான் சொன்னேன். அவன், ரிப்போர்ட் என் கூட லோரியில வராதுக்கான்னு சொல்லிட்டான். அவன் சொன்னது சரிதான். தினமும் போற செம்பனைத் தோட்டத்து ரோடு, ரெண்டு பக்கமும் மரம், ஆள் அரவம் இருக்காது, பத்து பேரு நின்னு வழி மறிச்சா திருப்பக் கூட இடம் இருக்காது. வெள்ளிக்கிழமை கமெண்ட்ல எவனோ அவன் லோரி நம்பரைப் போட்டிருந்தான். திட்டு ஒண்ணும் இல்ல, வெறும் நம்பரு மட்டும். பேக்டரியில கீறல் விழுந்த சாமானையெல்லாம் நல்லதுன்னு தள்ளிவிட்டேன். சூப்பர்வைசர் ஒரு டப்பாவைத் திருப்பிக் கொண்டாந்து, என்னாச்சு உனக்குன்னு கேட்டாரு. மோட்டர் சத்தம் கேட்டா ஜன்னலுக்கு ஓடுவேன். எங்க தாமான்ல மோட்டர் இல்லாத வீடு இல்ல, அப்ப எத்தனை வாட்டி ஓடியிருப்பேன்னு பாத்துக்குங்க. அவன் வேலை முடிஞ்சு வர அரை மணி நேரம் தாமதமானா, வாசக்கதவுகிட்ட நின்னு சாமிக்கு இல்லாத நேத்திக்கடன் எல்லாம் வேண்டிக்குவேன். ஒரு கையை ஒடிச்சாப் போதும், அவனுக்கு ஸ்டேரிங் கிடையாது, அந்தப் பொண்ணு வயித்துல புள்ளையோட என்ன செய்யும்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. கையை ஒடிக்கிறது அவங்களுக்குப் பெரிய விஷயமே இல்ல.

ஞாயித்துக்கிழமை அவன் கிளம்புறப்ப நானும் காடியில ஏறி உக்காந்துட்டேன். எறங்குன்னான். நீ போய் என்னடா பேசுவே, ஒரு கேள்வி கேட்டா ரெண்டு நிமிஷத்துல உன் சாயம் வெளுத்துடும், ராப்புல உனக்கு யாரைத் தெரியும்னு கேட்டேன். தம்பி பொண்டாட்டிகிட்ட வளைகாப்புக்கு வளையல் பாத்துட்டு வர்றோம்னு சொல்லிட்டுக் கிளம்புனோம். பச்சை வளையல் வேணாம், சிவப்பா பாருங்கன்னு அது வாசல் வரைக்கும் வந்து சொல்லிச்சு.

அஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. நடுவுல அம்பது வயசு மதிக்கத்தக்க ஒருத்தர், வெள்ளைச் சட்டை, நெத்தியில திருநீறு, கோயில் தலைவர் மாதிரி இருந்தாரு. செத்தவனுக்குச் சித்தப்பா முறைன்னு சொன்னாரு. ஓரத்துல அந்தப் பாட்டுக்காரப் பையன். காரியத்துக்கு அடிச்ச மொட்டையில அப்பத்தான் கறுகறுன்னு முடி முளைக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அவன் தலையைத் தூக்கவே இல்ல. பெரியவர் எங்களை உக்காரச் சொல்லி, என்ன குடிக்கிறோம்னு கேக்காமலே எல்லாருக்கும் தே தாரே, நுரைக்க ஆத்துன டீ, சொன்னாரு. ஞாயித்துக்கிழமைக் கூட்டம். பக்கத்து மேசையில ஒரு குடும்பம் ரொட்டி பிச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு, ஒரு குழந்தை கரண்டியால தட்டுல தட்டிக்கிட்டே இருந்துச்சு. இத்தனை பேருக்கு நடுவுல ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எனக்கே நம்பிக்கை வரல.

அவர் தம்பியைப் பாத்துத்தான் பேசுனாரு. குரல் ஏறவே இல்ல. எங்க புள்ளையைக் கொண்டு போய் வச்சுப் பதினஞ்சு நாள்ல, எந்த மாசம் செத்தான்னு கேட்டிருக்கே, அவங்கம்மா அதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சோறு திங்கலன்னாரு. தம்பி மன்னிச்சுடுங்கண்ணேன்னு ஆரம்பிச்சான். செம்பனைக் குலையைக் கம்பியில குத்தித் தூக்குற கை அவனுக்கு. அந்தக் கை கிளாஸைத் தூக்க முடியாம மேசையில கிடந்துச்சு.

"அவன் இல்லண்ணே. நான்தான் எழுதுனேன்."

சொல்லிட்டேன். குரல் எனக்கே வேற யாரோ பேசுன மாதிரி இருந்துச்சு. எல்லாரும் என்னைப் பாத்தாங்க, அப்புறம் தம்பியைப் பாத்தாங்க. ஒருத்தன் சிரிச்சுட்டான். அக்காவை முன்னால விட்டுத் தப்பிக்கப் பாக்குறியான்னு தம்பியைக் கேட்டான். நான் போனை எடுத்து பேஜைத் தொறந்து, உள்ள போய்க் காட்டுனேன். அப்பவும் நம்பல. போன மாசம் எந்தப் பாட்டுக்கு ஏழு போட்டே, ஏன் போட்டேன்னு ஒருத்தன் கேட்டான். சொன்னேன். எந்த வரிக்காகப் போட்டேன்னு அந்த வரியையும் சொன்னேன். இன்னொரு பாட்டைக் கேட்டான், அதையும் சொன்னேன். அப்பத்தான் அந்த மொட்டை தலையைத் தூக்கி என்னைப் பாத்துச்சு.

பெரியவர் கிளாஸைத் தள்ளி வச்சாரு.

"பொம்பளப் புள்ள எழுதுனதா. அப்ப இதுல ஒண்ணுமில்ல."

ஆம்பளை எழுதியிருந்தா பேச்சு வேற மாதிரி போயிருக்கும்னு விளக்கமும் சொன்னாரு. எனக்கு உயிர் வந்துச்சு. அதே நேரத்துல காதெல்லாம் சூடாச்சு. நாலு வருஷம் ராத்திரி ராத்திரி உக்காந்து எழுதுனது, ஒரே வார்த்தையில ஒண்ணுமில்லாமப் போச்சு. வாயைத் தொறந்தேன், தம்பி மேசைக்கு அடியில என் காலை மிதிச்சான். அப்புறம் அவர் தம்பிகிட்ட சொன்னாரு, அக்காவைப் பத்துப் போடச் சொல்லு, இனிமே நம்ம பசங்க பாட்டுன்னா பாத்து எழுதச் சொல்லு. நான் ஒரு முழம் தள்ளி உக்காந்திருக்கேன். என்னைப் பாத்துச் சொல்லல. எழுந்திருக்கிறப்ப தம்பி தோள்ல கையைப் போட்டு, நீ தினமும் எந்த ரோட்டுல போறேன்னு நமக்குத் தெரியும், கவலைப்படாதே, யாரும் உன்னைத் தொட மாட்டாங்கன்னாரு. தம்பி நன்றிண்ணேன்னு சொன்னான். அந்தப் பையன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையை மட்டும் ஆட்டுனான்.

ஜாசின் டவுனைத் தாண்டுறதுக்குள்ள காடியிலயே எழுதிப் போட்டுட்டேன். பத்துக்குப் பத்து. வானம் அழுத வரி நெஞ்சை உலுக்கிருச்சுன்னு எழுதுனேன். அப்படி ஒரு பொய்யை நான் அதுக்கு முன்னாடி எழுதுனதே இல்ல. அடிதடிக் கட்சி குஷியாயிட்டானுங்க. என் கட்சிதான் என்னை வறுத்தெடுத்துட்டானுங்க. அண்ணன் விலை போயிட்டாரு, அண்ணனும் மத்தவன் மாதிரிதான், அண்ணனை நம்புனோமேன்னு. வளையல் வாங்காம வீட்டுக்குப் போயிட்டோம், அதுக்குத் தம்பி பொண்டாட்டிகிட்ட தனியா ஒரு பொய் சொல்லணும்னு ஆச்சு.

அதுக்கப்புறம் நம்ம பசங்க யாரு பாட்டுப் போட்டாலும் ஒம்பது, பத்து. யாரு யாரோட ஆளுன்னு எனக்கு எப்படித் தெரியும். கீறலைப் பாக்குறேன், நல்லதுன்னு ஒட்டுறேன். பேஜைப் படிக்கிறவன் குறைஞ்சுட்டான். எல்லாப் பாட்டும் பத்துன்னா எவன் படிப்பான். மலாக்காவுல அண்டர்கிரவுண்டு எப்படி இருக்குன்னு யாராச்சும் கேட்டா, ரொம்ப நல்லா இருக்கு, எல்லாம் பத்துக்குப் பத்துன்னு சொல்லலாம்.

ஒரு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை மத்தியானம். தம்பி வெளியில லோரியைக் கழுவிக்கிட்டு இருந்தான். நான் சோறு வடிச்சுட்டு உக்காந்தேன், பேஜுக்கு மெசேஜ் வந்துச்சு. அந்தப் பையன் பேஜ்ல இருந்து.

"அக்கா, நீங்க மொதல்ல எழுதுனது முழுசா இருக்கா? எல்லாரும் மேல உள்ள நாலு வரியைத்தான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கானுங்க. கீழ நீங்க ஒண்ணு கேட்டிருந்தீங்க, அந்த நேரத்துல நீ என்ன பண்ணேன்னு. அன்னிக்கு அண்ணன் எனக்கு மூணு வாட்டி போன் அடிச்சான். நான் ரெக்கார்டிங்ல இருந்தேன், எடுக்கல. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. பாட்டா எழுதணும், எப்படின்னு தெரியல. நீங்க எழுதுனதைப் பாத்தா வரும்னு தோணுது."

ரெண்டு வாட்டி படிச்சேன். கண்ணு கலங்கிருச்சு. இந்த ஒரு விஷயத்தைத்தானே நாலு வருஷமா ஒவ்வொரு பாட்டுலயும் தேடிக்கிட்டு இருந்தேன். எதையும் பேஜ்ல போடுறதுக்கு முன்னாடி போன்ல நோட்டுல எழுதி வச்சுக்குற பழக்கம் எனக்கு. அதுல அது அப்படியே இருந்துச்சு, ஒரு எழுத்துக் குறையாம. எடுத்தேன், காப்பி பண்ணேன், அவன் மெசேஜுக்குள்ள கொண்டாந்து போட்டேன். அனுப்புறதுக்கு ஒரு தட்டுத் தட்டணும், அவ்வளவுதான்.

கட்டைவிரல் நின்னுடுச்சு. இது அவன்தானா, இல்ல பெரியவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அந்தப் பொம்பள பழைய ரிவியூவை இன்னும் வச்சிருக்காளான்னு பாக்கச் சொல்றாரா. எழுதியிருக்குறதைப் பாத்தா அவன்தான்னு எனக்குத் தெரியும். அப்படி ஒரு விஷயத்தை எவனும் நடிச்சு எழுத மாட்டான். ஆனா தெரிஞ்சு என்ன பண்றது. ஜன்னல் வழியா தம்பி குனிஞ்சு டயரைத் தேய்க்கிறது தெரிஞ்சுது. முதுகு ஃபுல்லா ஈரம். திங்கக்கிழமை விடிகாலையில அவன் அந்த ரோட்டுல போகணும்.

போட்டதையெல்லாம் எடுத்துட்டு வேற எழுதுனேன். "இல்லப்பா, அப்பவே அழிச்சிட்டேன். பாட்டு நல்லாத்தான் இருக்கு."

அவன் படிச்சுட்டான்னு காட்டுச்சு. எழுதுறான், நிறுத்துறான், மறுபடி எழுதுறான். ரொம்ப நேரம் ஆச்சு. கடைசியில வந்துச்சு.

"சரிக்கா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

யாராச்சும் என் போனை வாங்கிப் பாத்துட்டா என்ன ஆகும்னு தோணுச்சு. அந்த நோட்டையும் அழிச்சிட்டேன்.